பித்தளைத் தொப்பியில் தண்ணீர்

பிள்ளைகளே, தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் நான் சைக்கிளை விட்டு இறங்கி, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அது கண்ணுக்கு மறையும் வரை நிற்கிறேன். பெரியவளே, உனக்கு அது வெட்கமாக இருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். சின்னவன் ஒரு நாள், "அது என்ன சப்பரமா, கும்பிட்டுக்கிட்டு நிக்கிறதுக்கு?" என்று கேட்டேவிட்டான். வாயால் சொல்லப் போனால் நான் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால் எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்க் காட்டாதீர்கள்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். எனக்கு ஏழு வயது இருக்கும். நம் ஊரில் வாரச் சந்தை அப்போது பெரிய சந்தை. முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து மிளகாய் வத்தல் வரும். சாயல்குடியிலிருந்து கருப்பட்டி வரும். நம் கடற்கரைத் தெரு ஆட்கள் கருவாடு கொண்டுபோய் உட்காருவார்கள். பள்ளிவாசல் தெரு ராவுத்தர்கள் துணியும் பாத்திரமும் விற்பார்கள். எல்லாம் ஓலைக் கொட்டகைகள். எங்கள் அய்யா கடலுக்குப் போவார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, கருவாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோவார். சித்தப்பாவுக்குக் கல்யாணம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சந்தை நாளில், சாயங்கால நேரம், துணிக் கொட்டகைக்கும் மண்ணெண்ணெய்க் கடைக்கும் நடுவில் கிடந்த ஒரு சாக்கு மூட்டை வெடித்தது. யாரோ வெடிகுண்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தக் கூட்டம், என்ன கோபம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிலரைப் பிடித்தார்கள், சிலரை விட்டார்கள். சனங்கள் பயந்து சாக வேண்டும் என்பதுதான் வைத்தவர்களின் எண்ணம் என்று மட்டும் பெரியவர்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். ஒரு ஆளைக்கூடத் தெரியாமல் அவர்கள் மேல் எப்படிக் கோபம் வரும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போதும் சரியாக விளங்கவில்லை.

ஓலை என்பதால் சந்தை முழுவதும் பிடித்துக்கொண்டது. டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் தொப்பியோடு நெருப்புக்குள் போய் ஆட்களைத் தூக்கிவந்து சந்தையோரத்தில் முள்ளும் நிழலுமாக நின்ற உடைமரத்தடியில் கிடத்தினார்கள். வண்டியில் இருந்த தண்ணீர் பாதி வேலையிலேயே தீர்ந்துபோனது. நம் ஊரில் குடிதண்ணீருக்கு அப்போது குழாய் ஏது? மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிறைக்க வேண்டும். ஒரு குடம் நிறைய அரைப் பொழுது போய்விடும். அப்படிச் சேர்த்த தண்ணீரை அன்று கடற்கரைத் தெரு, பள்ளிவாசல் தெரு, மேலத்தெரு என்று மூன்று தெருப் பெண்களும் வீட்டிலிருந்து தூக்கிவந்து, கைக்குக் கை மாற்றி, அந்த வண்டிக்குக் கொடுத்தார்கள். மறுநாள் ஊரில் கஞ்சி காய்ச்சத் தண்ணீர் இல்லை.

சித்தப்பாவைத் தூக்கிவந்தவர் ஒரு தீயணைப்புக்காரர். மரத்தடியில் சித்தப்பா பக்கத்தில் அந்தத் தீயணைப்புக்காரர் மட்டும்தான் இருந்தாராம். அய்யா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவுக்கு உயிர் இல்லை.

அதற்குப் பிறகு சின்னம்மா, அதாவது சித்தப்பாவின் மனைவி, வெள்ளைச் சேலை கட்டி, வருஷத் துக்கம் காத்து, வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சமைப்பாள், வலைக்கு நூல் சுற்றுவாள், எனக்குத் தலை வாரிவிடுவாள். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். தண்ணீர்த் தம்ளரைத் தூக்குவாள், வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவாள், கீழே வைத்துவிடுவாள். யாரும் பார்க்காதபோது குடித்தாளோ என்னவோ, நாங்கள் பார்த்து அவள் ஒரு தம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்ததில்லை. அம்மா என்னிடம் காரணம் சொன்னாள். அன்று சந்தைக்குக் கிளம்பும்போது சித்தப்பா தண்ணீர் கேட்டிருக்கிறார். குடம் காலி. சின்னம்மா, "செத்த பொறுங்க, ஊத்துக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர், "நீ போயிட்டு வாரதுக்குள்ள சந்தை கலஞ்சுரும். வந்து குடிச்சுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வருஷம் திரும்பியது. செத்தவர்களில் மூன்று தெருக்காரரும் இருந்ததால் ஊர் கூடிச் சேர்ந்து நினைக்க வேண்டும், தீயணைப்புக்காரர்களையும் கூப்பிட்டு மரியாதை செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. எப்படி நினைப்பது என்பதில்தான் வம்பு. எங்கள் மாதா கோயில் உபதேசியார் மெழுகுதிரி ஏற்றலாம் என்றார். மேலத்தெரு இந்துக்கள் குத்துவிளக்கு என்றார்கள். ராவுத்தர் ஒருவர் சாம்பிராணி போட்டுச் செத்தவர்களுக்காகப் பாத்திஹா ஓதலாம் என்றார். மூன்றையும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது முதலில் என்று அடுத்த வம்பு. அய்யா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மா கேட்டாள்.

"வெந்து போனவுகளுக்கு மறுபடியும் நெருப்பையா காட்டப் போறீக?"

அய்யா சாப்பாட்டில் இருந்த கையை எடுத்துக்கொண்டார். மறுநாள் கூட்டத்தில் போய் அதை அப்படியே சொல்லியிருக்கிறார். கடைசியில் அந்த ராவுத்தரே, "அப்பத் தண்ணியாவே இருந்துட்டுப் போகட்டும். அன்னைக்குக் குடுத்த மாதிரியே வீட்டுக்கு ஒரு கொடம் வண்டிக்குக் குடுப்போம்" என்றார். எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. தண்ணீருக்கு எந்தச் சாமியும் ஆட்சேபம் சொல்லாது.

மரியாதை செய்வதில் இன்னொரு சிக்கல். பெண்பிள்ளைகள் போய் அந்நிய ஆண்பிள்ளைகளுக்கு மாலை போட முடியுமா? அதனால் ஆள் செத்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சின்னப் பிள்ளை ஒரு துண்டு போர்த்துவது என்று முடிவானது. சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக்கு நான்.

அன்று காலை சின்னம்மா எனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரினாள். வழக்கத்தைவிட இறுக்கமாக வாரினாள். வாரி முடித்தும் தலையை விடவில்லை. காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள்.

"ஒஞ் சித்தப்பாவைத் தூக்கியாந்த தீயணைப்புக்காரரும் வாராராம். அய்யாதான் சொன்னாக. அவருக்குத்தான் நீ துண்டு போத்தப் போற. அவருகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரணும்."

"என்ன கேக்கணும்?"

"சித்தப்பா தண்ணி கேட்டாகளா, குடுத்தீகளான்னு கேளு. வேற யாரு காதுலயும் விழக் கூடாது."

"நீயே கேளேன் சின்னம்மா. நீயும்தான வாற."

"நான் எப்பிடிடா கேப்பேன்" என்று சொல்லி என் முகத்தில் பவுடரை அப்பினாள். கண்ணிலும் கொஞ்சம் விழுந்தது.

சந்தை மைதானத்தில் சனம் கூடியிருந்தது. எனக்கு அது துக்கமா திருவிழாவா என்று பிடிபடவில்லை. கோயிலில் காலையில் சாமியார் கறுப்பு உடுப்புப் போட்டுத் துக்கப் பூசை வைத்தார். அதனால் துக்கம் என்று நினைத்தேன். மைதானத்தில் பாத்திஹா ஓதி முடித்துச் சீனி மிட்டாய் கொடுத்தார்கள். அதனால் திருவிழா என்று நினைத்தேன். மிட்டாயை வாயில் போட்டுச் சப்பினேன். அம்மா தொடையில் கிள்ளினாள். "அழாட்டியும் போகுது, சத்தம் போட்டுச் சப்பாதலே" என்றாள். எனவே துக்கம்தான் என்று திரும்பவும் நினைத்துக்கொண்டேன்.

அப்போது மணியடித்துக்கொண்டு சிவப்பு வண்டி வந்து நின்றது. உடனே மறுபடி குழம்பிப் போனது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். மேலத்தெருப் பெண்கள் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். யாரோ சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ராவுத்தர் வீட்டிலிருந்து வந்த மல்லிகைச் சரத்தை மணியில் சுற்றினார்கள். வண்டியோட்டி இறங்கிவந்து, "ஏத்தா, கண்ணாடியில மட்டும் பூசாதீக. திரும்பிப் போறப்ப எனக்கு ரோடு தெரியணும்" என்று கெஞ்சினார். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றார்கள். சின்னம்மாவும் முக்காடு போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் குடத்தைத் தூக்கிக் கொடுக்கப் போனபோது, தீயணைப்பு அதிகாரி சங்கடத்தோடு, டேங்க் நிறைந்துதான் வந்திருக்கிறது என்றார். வழியில் எங்கே நெருப்பு என்றாலும் போக வேண்டும், காலி வண்டியை வெளியே எடுக்க அனுமதி இல்லை. இது ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று தண்ணீர் இல்லாமல் நின்ற வண்டிதானே ஊரின் நினைப்பில் இருந்தது.

அதிகாரி அந்தக் குட வரிசையைப் பார்த்தார். பிறகு ஒரு ஆளைக் கூப்பிட்டு, அடியில் இருந்த வால்வைத் திறக்கச் சொன்னார். நல்ல தண்ணீர் கொட கொடவென்று மணலில் கொட்டியது. எங்கிருந்தோ ஆடுகள் ஓடிவந்து வாய் வைத்தன. குடம் வைத்திருந்த பெண்களால் பிடிக்க முடியவில்லை. எல்லார் குடமும் நிறைந்திருந்தது.

"நம்ம ஊத்துறதுக்கு எடம் வேணும்னு அவுக ஊத்துறாக. இத வீட்டுக்குக் கொண்டு போனா ஒரு வாரம் புள்ளகளக் குளிப்பாட்டலாம்" என்று அம்மா முணுமுணுத்தாள்.

"பேசாம இரு மதினி" என்றாள் சின்னம்மா.

பிறகு குடங்கள் நகர ஆரம்பித்தன. கைக்குக் கை, கைக்குக் கை. பாதி வரிசையில் ஒரு பெண்ணுக்கு அழுகை வந்தது. அவளைப் பார்த்து அடுத்தவள் அழுதாள். அப்படியே வரிசை முழுவதும் அழுதது. ஆனால் ஒரு கைகூட நிற்கவில்லை. குடம் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நல்ல தண்ணீர் வீணாகிப் போனதே என்றுதான் அழுகிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். எனக்கும் அதை நினைத்து அழுகை வந்தது.

எங்கள் முறை வந்தது. தீயணைப்புக்காரர்கள் வண்டிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அய்யா என் கையில் துண்டைக் கொடுத்து, ஒருவரைக் காட்டினார். உயரமான ஆள். மீசை வைத்திருந்தார். முழங்கையிலிருந்து கீழே தோல் சுருங்கி, வெளுத்துப் பளபளப்பாக இருந்தது. நான் எட்டிப் போர்த்துவதற்காக அவர் மண்டியிட்டார். தொப்பி இடிக்காமல் இருக்க அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பித்தளைத் தொப்பி. கனமான கனம். கவிழ்த்து உள்ளே பார்த்தேன். உச்சியில் சேவல் கொண்டை மாதிரி எழும்பியிருந்த பட்டைக்கு அடியில், காற்றுப் போவதற்காக இருக்கும், சின்னச் சின்னத் துளைகள். வெயில் பட்டு உள்ளுக்குள் நட்சத்திரம் மாதிரித் தெரிந்தன. நான் துண்டு போர்த்துவதை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புடிச்சிருக்கா தம்பி?" என்றார்.

அப்போதுதான் நினைவு வந்தது. துண்டைப் போர்த்தி, அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"எஞ் சித்தப்பா தண்ணி கேட்டாகளா? குடுத்தீகளா?"

அவர் எழுந்திருக்கப் போனவர் அப்படியே மண்டியிட்டு இருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த உடைமரத்தைப் பார்த்தார்.

"யாரு கேக்கச் சொன்னது?"

"சின்னம்மா."

"எங்கன இருக்காக?"

கை நீட்டக் கூடாது என்று எனக்குத் தெரிந்ததால் தாடையால் காட்டினேன். வரிசையில் வெள்ளைச் சேலைக்காரர்கள் பலர் நின்றார்கள். ஆனால் ஒருத்தி மட்டும்தான் குனிந்த தலை நிமிராமல் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"கேட்டாக" என்றார். "குடுத்தேன்னு சொல்லு."

எனக்கு அதோடு விடத் தெரியவில்லை. "எதுல குடுத்தீக?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். என் கையிலிருந்த தொப்பியைத் தொட்டார்.

"இதுலதான். வயிறு நெறையக் குடிச்சாகன்னு சொல்லு."

தொப்பியை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அடுத்த பிள்ளை துண்டோடு வந்துவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். துக்கத்துக்குக் கை தட்டலாமா என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அவள் எதுவும் கேட்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டாகளாம். குடுத்தாராம். வயிறு நெறையக் குடிச்சாகளாம்."

"எதுலயாம்?"

அவளும் அதையே கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. "அந்தத் தொப்பியில" என்றேன்.

"பித்தளையாடா அது?"

"பித்தளைதான். நான் கையில வச்சுப் பாத்தேன்."

"பித்தளைன்னா தண்ணி குளுகுளுன்னு இருந்திருக்கும்" என்றாள் சின்னம்மா.

உள்ளே போனாள். குடத்தில் அன்று கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. சாய்த்து ஒரு தம்ளர் எடுத்தாள். தூக்கினாள். நான் கீழே வைத்துவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வைக்கவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அடுப்படியில் இருந்த அம்மா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அடுப்பை ஊதினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பை எதற்கு ஊதினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு நட்சத்திரம் நினைவு வந்தது அதற்குப் பிறகுதான். அந்தத் துளைகள். துளை வழியாக வெளிச்சம் வந்தால் தண்ணீர் போகாதா? வாசலில் அய்யா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். போய் உட்கார்ந்தேன்.

"அய்யா, அன்னைக்கு வண்டித் தண்ணி எப்பத் தீந்துச்சு?"

"ஒஞ் சித்தப்பாவ வெளிய தூக்கியாரதுக்கு முந்தியே தீந்துருச்சு. பெறகு நம்ம பொம்பளையாளுக கொடம் வந்துச்சுல்ல."

"கொடம் எப்ப வந்துச்சு?"

"அந்த நேரத்துல யாரு அதையெல்லாம் பாத்தா?"

"அந்தத் தொப்பியில ஓட்டை இருக்குய்யா. நான் பாத்தேன்."

அய்யாவின் கை வலையிலேயே நின்றது. கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"சின்னம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சொல்ல வேணாம்."

"ஓட்டை இருந்தாத் தண்ணி எப்பிடிய்யா நிக்கும்?"

"போயி வெளாடுலே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால், நான் தப்பாக ஏதோ கேட்டுவிட்டேன் என்றாவது புரிந்திருக்கும். குனிந்து மறுபடி வலையைப் பொத்த ஆரம்பித்தார். பொத்திய இடத்தையே பொத்திக்கொண்டிருந்தார்.

அந்தத் தீயணைப்புக்காரர் சொன்னது நடந்ததா, நடக்கவில்லையா? நடக்கவில்லை என்றால், ஊரே கை தட்டிய ஒரு மனிதர் சாமியாருக்கு முன்னால் மண்டியிட்டுக்கொண்டு எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும்? நடந்தது என்றால், அய்யா எதற்காகக் கதவைப் பார்த்தார்? எனக்கு இரண்டு பக்கமும் வழி தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் நான் தனியாக ஊற்றுப் பக்கம் போனேன். பெண்கள் யாரும் இல்லை. கண் திறந்து ஓட்டையான சிரட்டை தண்ணீர் கோர ஆகாது என்பதால் ஊற்றோரத்தில் தூர எறிந்திருப்பார்கள். அதில் ஒன்றைப் பொறுக்கினேன். ஊற்றில் முக்கி நிறைத்துக்கொண்டு சந்தை உடைமரத்துக்கு ஓடினேன். பாதி வழியிலேயே தண்ணீர் முழுவதும் ஒழுகி என் கால்சட்டையை நனைத்துவிட்டது. திரும்பிப் போய் நிறைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன். மரத்தடியில் போய்ப் பார்த்தபோது சிரட்டையில் ஈரம்தான் இருந்தது.

மூன்றாவது தடவை, அடியிலிருந்த துளையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஓடாமல் மெதுவாக நடந்தேன். சந்தை மைதானத்தில் யாரும் இல்லை. வண்டித் தண்ணீர் கொட்டிய இடம் மட்டும் கறுப்பாக ஈரமாகக் கிடந்தது. ஆட்டுக் குளம்புகள் பதிந்திருந்தன. மரத்தடிக்கு வந்து குனிந்து பார்த்தேன். சிரட்டையில் தண்ணீர் நின்றது.

சித்தப்பாவைக் கிடத்தியிருந்த மணலுக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு, விரலை எடுத்தேன்.